முன் ரூம் – 11: இடி இடித்தால் காணாமல் போகும் பிரிண்டர்

ஜெயகுமார் மேல் எனக்குக் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் குழப்பமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "முன் ரூம உருளக்கெழங்கு ஸ்டோருக்குக் குடுத்துருவோம்ப்பா. வெலிமட மொதலாளி கேட்டுக்கிட்டே இருக்காரு" என்று தன் அப்பாவிடம் சொன்னான். பக்கத்தில் குழம்புச் சட்டியோடு நின்ற பெண்டாட்டி கலாராணியை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தானா? இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், கையைக் கழுவிக்கொண்டு சுற்றுலா ஊரான எல்லவுக்கு ஆட்டோ ஓட்டப் போய்விட்டான். இனி ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். கிழமை நாளெல்லாம் அங்கே கூட்டாளியின் அறையில்தான் படுக்கை.

அந்த முன் ரூம்தான் கலாராணியின் கடை. ஹல்துமுல்லையில் பெரிய ரோட்டைப் பார்த்த அறை. ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மேசை, வருகிறவர் உட்கார இரண்டு கதிரை. கல்யாண அழைப்பு, மரண அறிவித்தல், பிள்ளைகளின் பாடக் குறிப்பு, எது வந்தாலும் அடித்துக் கொடுப்பாள். இந்தக் கடைக்காகத்தான் போன வருடம் தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு, பதிவில் தன் பெயரை வெட்டிக்கொண்டு வந்தாள். வெட்டிக்கொண்டு வந்தவளை மறுபடியும் விடியற்காலைப் பெரட்டில், கொழுந்துக் கூடையோடு பெயர் கொடுக்கிற வரிசையில் பார்த்தால் ஊர் சும்மா இருக்குமா? ஊரை விடுங்கள், அவளுக்கே மனசு ஒப்பாது.

வீடு மாமனார் வீரசிங்கத்தின் பெயரில் இருக்கிறது. மகனும் மருமகளும் இரண்டு பக்கமும் இழுத்ததில் மனுஷன் நொந்துபோய் ஒரு முடிவு சொன்னார்.

"வெள்ளிக்கெழம அந்த ஸ்கூல் வேலைய முடிச்சுக் குடுத்துட்டா ரூம் ஒனக்குத்தான் கலா. முடியலேன்னா சாவிய மொதலாளிகிட்ட குடுத்துருவேன். அப்புறம் அழக்கூடாது."

"அழமாட்டேன் மாமா. முடிப்பேன்."

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை.

ஸ்கூல் வேலை என்றது இதுதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாளைக் காலை தோட்டப் பாடசாலையில் கருத்தரங்கு. சுற்றுவட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் அத்தனை பேரும் வருவார்கள். அவர்களுக்கான மாதிரி வினாத்தாள் இரண்டு பகுதி. அங்கே படிப்பிக்கிற சதீஸ்குமார் சேர், வேலையைப் பண்டாரவளைக் கடைகளுக்கு அனுப்பாமல் கலாராணியை நம்பிக் கொடுத்திருந்தார்.

காலையில் எல்லாம் வெண்ணெய் மாதிரி போனது. சேர் கொண்டுவந்த முதல் பகுதியை கம்ப்யூட்டரில் போட்டு அழுத்தினாள். உள் வீட்டில், ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்த பிரிண்டர் சரசரவென்று தாள்களைத் தள்ளியது.

பிரிண்டர் ஏன் உள் வீட்டில் என்று கேட்பீர்கள். பதுளையில் ஒரு ஆபீஸ் கழித்துவிட்ட பெரிய மெஷின் அது. கம்ப்யூட்டரோடு நேராகக் கொளுவுகிற துவாரம் உடைந்துபோனதால்தான் கழித்தார்கள். நெட்வொர்க் வயர் மட்டும் வேலை செய்யும். அதனால் ரவுட்டரோடு வயரில் பிணைத்து உள் வீட்டில் வைத்தாயிற்று. கம்ப்யூட்டர் முன் ரூமிலிருந்து வைஃபையில் பேசும்.

"ரெண்டாம் பகுதிய மத்தியானம் வட்ஸ்அப்புல அனுப்புறேன்" என்றார் சேர். "நாலரை பஸ்ஸுக்கு முன்னுக்கு வந்து எடுத்துக்கிறேன். மாறிக்கீறி போயிடாதே?"

"போகாது சேர். நீங்க வாங்க."

இரண்டாம் பகுதி சொன்னபடி வந்தது. கூடவே இடியும் வந்தது.

பங்குனி மாதத்தில் ஊவா மலையில் மத்தியான இடிக்குக் கேட்கவா வேண்டும்? முதல் முழக்கத்துக்கே வீரசிங்கம் எழுந்துவிட்டார். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில் ஒரு இடி டீவி வயரில் இறங்கி, பக்கத்துக் காம்பிரா வீட்டில் ஒரு பெண்ணின் கையைக் கருக்கிவிட்டது. அன்றிலிருந்து வானம் உறுமினால் வீட்டில் ஒரு பிளக் சுவரில் இருக்காது. டீவி, ரவுட்டர், பிரிண்டர், ஃபிரிஜ் என்று அறை அறையாகப் பிடுங்கிக்கொண்டே முன் ரூமுக்கு வந்து கம்ப்யூட்டரையும் அணைக்கச் சொல்லிவிட்டு நிற்பார். தோட்டத்து ஆட்கள் யார் வீட்டிலும் இதுதான் வழக்கம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மழை விட்டது. வீரசிங்கம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொளுவினார். கலாராணி கம்ப்யூட்டரைப் போட்டு, இரண்டாம் பகுதியைத் திறந்து, பிரிண்ட் கொடுத்தாள்.

ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தடவை அழுத்தினாள். உள் வீட்டுக்கு ஓடிப் பார்த்தாள். பிரிண்டர் பச்சை விளக்கோடு சாந்தமாக உட்கார்ந்திருந்தது. முன்னால் ஓடி வந்தாள். 'பிரிண்டர் பதில் சொல்லவில்லை' என்று இங்கிலீஷில் ஒரு வரி திரையில் நின்றது. ஆத்திரத்தில் சளசளவென்று அழுத்தித் தள்ளினாள்.

"ஏன்டியம்மா, மறுபடியுமா?" என்று வாசலில் வந்து நின்றார் வீரசிங்கம்.

மறுபடியும்தான். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. காலையில் அடிக்கும், பின்னேரம் மக்கர் பண்ணும். ஒவ்வொரு தடவையும் பண்டாரவளையிலிருந்து ஷிப்னா வந்து எதையோ தட்டிச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஷிப்னா யாரென்று புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். பண்டாரவளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். இந்தப் பழைய கம்ப்யூட்டரை விற்றவளும் அவள்தான், இது விண்டோஸைத் தாங்காது என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். அன்றிலிருந்து எது கெட்டாலும் பழி லினக்ஸ் தலையில்தான். ஜெயகுமார் அதற்கு வைத்த பெயர் 'ஓசி சிஸ்டம்'.

நினைத்த மாதிரியே போன் அடித்தது. ஜெயகுமார்தான்.

"மொதலாளி ஆள் அனுப்பிக் கேக்குறாரு. என்னா சொல்ல?"

"அந்தி வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

"பிரிண்டர் வேல செய்யுதா?"

கலாராணிக்குப் பொய் வராது.

"அதானே பாத்தேன். ஓசியில கெடச்சது ஓசி மாதிரிதான் இருக்கும். ஏன் கலா வீம்பு புடிக்கிற?"

"வீம்புதாங்க. வைங்க போன" என்று அவளே வைத்துவிட்டாள். நல்ல வேலை செய்தாள் என்பேன்.

உடனே ஷிப்னாவைக் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"ஷிப்னா, ஒடனே வா. இல்லாட்டி நான் செத்தேன்."

"அல்லாவே, ஏலாதுக்கா. தியத்தலாவைக்கு இங்கால மரம் விழுந்து ரோடு மூடிக் கெடக்கு. ஒரு வாகனம் வருதில்ல."

கலாராணிக்கு ஒரு நிமிடம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமாவிடம் அழமாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வர, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி. அப்ப நீ சொல்லு, நான் செய்யிறேன். என்னா இருந்தாலும் இன்னைக்கி இத விடப்போறதில்ல."

"அப்பிடி வாங்க வழிக்கி! மொதல்ல சொல்லுங்க, எத்தன தரம் பிரிண்ட் குடுத்தீங்க?"

"கோவத்துல ஒரு பத்துப் பதினஞ்சு தடவ."

"உம்மா! அவ்வளவும் லைன்ல நிக்கிது. பிரிண்டர் முழிச்சிச்சிண்டா அவ்வளவையும் கக்கும், உங்கட பேப்பர் முடிஞ்சிரும். எல்லாத்தையும் கென்சல் பண்ணுங்க."

வரிசையில் நின்றதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். அப்புறம் ஷிப்னா, பிரிண்டரைப் பற்றிய விவரத்தைத் திறந்து அதன் விலாசம் என்னவென்று பார்க்கச் சொன்னாள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் புள்ளி வைத்த ஒரு நம்பர்தான் விலாசம். கம்ப்யூட்டரில் அதன் கடைசித் துண்டு ஏழு என்று இருந்தது.

"இப்ப உள்ளுக்குப் போய் பிரிண்டர்ட சின்னத் திரையில பாருங்க. மெனு, நெட்வொர்க். அங்க என்ன நம்பர் ஈக்கி?"

போனோடு உள்ளே ஓடினாள். சின்னத் திரையில் பன்னிரண்டு என்று இருந்தது.

"பன்னெண்டா! அப்ப ஏழுல யாரு அக்கா ஈக்கிற?"

ஷிப்னா வழி சொல்லிக் கொடுக்க, ரவுட்டரின் பக்கத்தைப் போனிலேயே திறந்து பார்த்தாள். வீட்டில் எந்தெந்த மெஷினுக்கு எந்த நம்பர் என்று அதில் இருந்தது. ஏழாம் நம்பரில் ஜெயகுமார் தீபாவளிக்கு வாங்கிப் போட்ட ஸ்மார்ட் டீவி சொகுசாக உட்கார்ந்திருந்தது.

இத்தனை நேரமும் பிள்ளைகளின் கணக்குக் கேள்வியையெல்லாம் கம்ப்யூட்டர் டீவிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. கலாராணிக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இது எப்பிடி மாறுச்சு ஷிப்னா?"

"ரவுட்டர் ஓஃப் ஆகி ஓன் ஆகினா எல்லாருக்கும் புதுசா நம்பர் குடுக்கும். பஸ்ஸுல எழும்பிப் போனா நம்மட சீட்டுல வேற ஆள் குந்துறல்லயா, அது மாதிரி. இந்தக் கொஞ்ச நாளா மத்தியானத்துல கரண்ட் போகுதா?"

"கரண்ட் போகலயே. இடி இடிச்சா மாமா பிளக்கத்தான்…"

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். லேட். வீரசிங்கம் கதவருகில்தான் நின்றிருந்தார். முதலில் டீவியைத்தான் கொளுவுவார், செய்திக்காக. கடைசியில்தான் பிரிண்டர். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்ப இத்தன நாளா கெடுத்தது நான்தானா?" என்று கேட்டார். முகம் சுருங்கிப்போனது.

"இடிதான் மாமா கெடுத்துச்சு."

"மழுப்பாத புள்ள. ஒம் பொழப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுட்டு, ஒனக்குக் கெடு வேற வச்சேன்."

"மாமா, அது இருக்கட்டும். இப்ப எனக்கு நேரம் இல்ல. கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து இந்த நம்பரப் பாருங்க. எழுத்து பொடிசா இருக்கு."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். என்ன செய்யவேண்டும் என்று ஷிப்னா சொன்னாள். பஸ்ஸில் சீட்டுக்கு லேஞ்சித் துண்டு போட்டு வைக்கிற மாதிரி, பிரிண்டருக்கு ஒரு நம்பரை நிரந்தரமாகப் போட்டு வைக்கவேண்டும். ரவுட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்காத பெரிய நம்பராக, கடைசித் துண்டு இருநூறு என்று வைக்கச் சொன்னாள்.

பிரிண்டரில் எழுத்துப் பலகையா இருக்கிறது? மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன், அவ்வளவுதான். 'தானாக' என்று இருந்ததைக் 'கையால்' என்று மாற்றிவிட்டு, கலாராணி பட்டனை அமுக்கிப் பிடித்தாள். நம்பர் குடுகுடுவென்று ஏறியது.

"நிறுத்து, நிறுத்து!" என்றார் வீரசிங்கம். "இருநூத்திப் பதினாலுக்குப் போயிருச்சு. கீழ எறக்கு. இன்னும் ரெண்டு. இன்னும் ஒண்ணு. ஆங்!"

ஓகே அழுத்தினாள். பிரிண்டர் ஒரு தடவை அணைந்து எழும்பியது. இருநூறு.

"இப்ப கம்ப்யூட்டர்ல பழைய பிரிண்டர அழிச்சிட்டுப் புதுசா போடுங்க" என்றாள் ஷிப்னா. "விலாசத்துக்கு இந்தப் புது நம்பரக் குடுங்க. பொறகு மொடல் கேக்கும். மெஷின் நெத்தியில உள்ள நம்பரயே பாத்துக் குடுங்க. பக்கத்து மொடலத் தட்டினா கோழி கிண்டின மாதிரி வரும்."

அவள் அவசரத்தில் பக்கத்து மொடலைத்தான் தட்டினாள். சோதனைக்கு ஒரு பக்கம் கேட்டதற்கு, கிறுக்கலும் கட்டமுமாக நாலு தாள் வந்தது. வீரசிங்கம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்தூர்ப் பாஷை?" என்றார். கலாராணி தப்பாகப் போட்ட மொடலை அழித்தாள். மெஷின் நெற்றியை மாமாவை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து மறுபடியும் போட்டாள்.

இந்தத் தடவை கேள்வி இலக்கம் ஒன்று, முத்து மாதிரி தமிழில், உள் வீட்டில் வந்து விழுந்தது.

"வந்துருச்சு கலா!" என்று வீரசிங்கம் போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

அவள் முழு எண்ணிக்கையையும் கொடுத்தாள். தாள்கள் சரசரவென்று வர ஆரம்பித்தன. மாமா அடுக்க, மருமகள் ஸ்டேப்ளர் பின் அடிக்க, பாதிக்கு மேல் முடிந்திருக்கும்.

அப்போது வானம் மறுபடியும் உறுமியது.

வீரசிங்கத்தின் கை தானாகப் பிளக் பக்கம் போனது. போன கையைச் சுட்டுக்கொண்ட மாதிரி இழுத்துக்கொண்டார்.

"நான் தொடமாட்டேன்" என்றார். "ஓடட்டும். பேப்பர் பாதியில நிக்குதே."

கலாராணி யன்னலால் பார்த்தாள். தங்கமலைப் பக்கம் கருகருவென்று இருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் அதிகம் நேரமில்லை. இப்போது பிடுங்கி, திருப்பிப் போட்டு, மறுபடியும் அது வராமல் போனால் எல்லாம் முடிந்தது. பிடுங்காமல் விட்டு இடி இறங்கினால்? கருகிய கையை அவளும் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் அவளுக்குச் சித்தி முறை.

கம்ப்யூட்டரில் போய் வேலையை நிறுத்தினாள்.

"புடுங்குங்க மாமா."

"கலா…"

"வழக்கமா எப்பிடிப் புடுங்குவீங்களோ அப்பிடியே புடுங்குங்க. திருப்பிக் கொளுவுறப்பவும் டீவியவே மொதல்ல கொளுவுங்க. இனிமே அது எந்த சீட்டுல குந்தினாலும் எனக்கென்னா?"

வீடு முழுக்க இருண்டது. மழை தகரத்தில் கொட்டியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள். தைரியமாகச் சொல்லிவிட்டாளே தவிர, கலாராணி முருகனைக் கூப்பிடாத நொடியில்லை.

மழை குறைந்து, இடி பதுளைப் பக்கம் நகர்ந்ததும் வீரசிங்கம் எழுந்தார். முதலில் டீவி. அப்புறம் ரவுட்டர். ஃபிரிஜ். பிரிண்டர். சின்னத் திரை மெதுவாக விழித்தது. அவரே கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"இருநூறு!" என்றார்.

முன் ரூமில் அவள் பட்டனை அழுத்தினாள். அழுத்திவிட்டு அசையாமல் நின்றாள். உள்ளேயிருந்து சரசரவென்று சத்தம் வந்தபிறகுதான் மூச்சு விட்டாள்.

சதீஸ்குமார் சேர் குடையை மடக்கிக்கொண்டு வந்தபோது கடைசிக் கட்டுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தாள். தாள்களை நனையாமல் பொலித்தீனில் சுற்றிக் கொடுத்தாள். சேர் இரண்டு தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கும்மா. அடுத்த மாசக் கருத்தரங்குக்கும் இங்கதான் வருவேன்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸுக்கு ஓடினார்.

"போட்டேன் பாரு ஒரு கெடு" என்று வீரசிங்கம் தலையில் தட்டிக்கொண்டார். "ரூம் ஒனக்குத்தான் புள்ள. இனிமே இதப் பத்தி யாரும் வாயத் தொறக்கக்கூடாது."

கலாராணி சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

பஸ் போன இடத்தில் ஒரு லொறி வந்தது. ரோட்டில் முன்னால் போய், பின்பக்கமாக வந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றது. தார்ப்பாய்க்குக் கீழே மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு. பின்னாலிருந்து ஒருவன் குதித்தான். வெலிமடை முதலாளியிடம் வேலை செய்கிற சின்னராசா. கையில் ஒரு சாவி.

"எந்தப் பக்கமா அடுக்குறதுக்கா?"

"யாரு ஒனக்கு சாவி குடுத்தது?"

"ஜெயகுமாரண்ணன்தான், அவருகிட்ட இருந்த ரெண்டாவது சாவிய. மத்தியானமே குடுத்துட்டாரு."

மத்தியானமே! அந்தி வரைக்கும் பொறுக்கச் சொன்ன வாய் மூடுவதற்குள் சாவி கை மாறியிருக்கிறது. கலாராணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வீரசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். சின்னராசாவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். தன் இடுப்பில் செருகிக்கொள்ளவில்லை. மருமகளின் கையை இழுத்து அதில் வைத்து மூடினார்.

"வீடு என் பேருல இருக்கு. முன் ரூம் இவளோடது. போயி ஒங்க மொதலாளிகிட்ட சொல்லு."

சின்னராசா தலையைச் சொறிந்தான்.

"சொல்லலாம் ஐயா. அப்பிடின்னா அண்ணனோட வேல?"

"என்னா வேல?" என்றாள் கலாராணி.

"இந்த ஸ்டோரப் பாத்துக்கிற வேலதான். மொதலாளி அவருக்குத்தானே குடுத்திருக்காரு. எல்லயில ஹயர் ஓட்டம் இல்லாம ஆட்டோவ முந்தாநாளே வித்துட்டாரே… ஒங்களுக்குத் தெரியாதாக்கா?"

அவளுக்கு எரிச்சலும் அடங்கவில்லை, அதற்குள்ளேயே பாவமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இந்த மனுஷன். சாவி உள்ளங்கையில் உறுத்தியது. மாமாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"லொறியத் திருப்புங்க தம்பி" என்றாள். சொன்னதை மாற்றவில்லை.

போனை எடுத்துக் கணவனின் நம்பரை அழுத்தினாள்.

மணி அடித்தது. காதில் மட்டுமில்லை. லொறியின் முன் சீட்டிலும் அடித்தது.

சின்னராசா வேறு பக்கம் பார்த்தான். முன் கதவு திறக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கலாராணி போனை வைக்காமல், நனைந்த ரோட்டில் லொறியைச் சுற்றி முன்பக்கம் நடந்தாள்.